வைக்கல எரிக்காதீங்க: வெள்ளாமையும் சாப்பாடும், கேள்வி பதில்

சிறுபோகம் வெட்டி முடியுது, பெரும்போகத்துக்கு முதல் கேக்க இரிக்கிறதக் கேளுங்க எண்டு சொல்லியிருந்தன், இவ்வளவு வரும் எண்டு நினைக்கல. நான் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்துல விவசாயம் படிச்ச ஆள், வீட்டு வயல் மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலைப் பக்கம், அதால படிச்சதும் சேத்துல கண்டதும் கலந்துதான் வரும்.

வெல்லாவெளித் தம்பி: அண்ணன், பசள விலைக்குக் கட்டுதில்ல. 2021ல சேதனப் பசள எண்டு பட்ட பாடு போதும், நீங்களும் அதத்தான் சொல்லப் போறீங்களா?

இல்ல தம்பி, பயப்படாத. அந்த வருஷம் மே மாசம் இலங்கை அரசாங்கம் ரசாயனப் பசள இறக்குமதிய ஒரேயடியா நிப்பாட்டி, நவம்பர்ல திரும்ப விட்டாங்க, அதுக்குள்ள வெள்ளாமை போன போக்கு உனக்கும் தெரியும். 100 கிலோ யூரியாவில 46 கிலோ நைதரசன், கூட்டுப்பசளையில 100 கிலோவுக்கு 1, 2 கிலோ கிடைச்சாப் பெரிசு, அந்த வித்தியாசத்த எத்தின லொறியில ஏத்துற?

நான் சொல்றது நெல்லு வெட்டின பிறகு மிஞ்சுற வைக்கோலப் பத்தி. ஒரு டன் வைக்கல்ல ஏறத்தாழ 15 கிலோ பொட்டாசியம் இரிக்கி, ஏக்கருக்கு ரெண்டு டன் வைக்கல் வந்தா ஒரு மூடை எம்ஓபிக்கு, அதான் கடையில விக்கிற பொட்டாசியம் பசளைக்கு, மேல கணக்கு வரும், அத நாம நெருப்பு வெச்சிட்டு கடையில போய் காசு குடுத்து வாங்குறம். எரிச்சா நைதரசன் புகையோட போயிரும், பொட்டாசியம் சாம்பல்ல நிண்டாலும் குவிச்சு எரிச்ச அந்த ஒரு இடத்துலதான் நிக்கும். எங்கட வயல்ல பாத்திரிக்கன், அடுத்த போகம் சாம்பல் கிடந்த வட்டம் மட்டும் கருகருவெண்டு வளந்து நிக்கும், நாலு முழம் தள்ளினா வெளிறிப் போய்க் கிடக்கும். வைக்கல பரப்பி, விதைக்க ரெண்டு மூணு கிழமைக்கு முதலே உழுது விடு, கடைசி நேரத்துல பச்ச வைக்கல உழுதா அது உக்குறதுக்கே நைதரசன இழுத்து பயிர் மஞ்சளாப் போகும், அதுக்குப் பிறகு என்னை ஏசக் கூடாது.

சம்மாந்துறை ராத்தா: மகள் மாசமா இரிக்கா, ரத்தம் குறைவாம். சிவப்பரிசி குடுத்தா ரத்தம் கூடுமா?

அந்தச் சிவப்பு இரும்பு இல்ல ராத்தா. அது தவிட்டுல இரிக்கிற ஒரு சாயச் சத்து, சொல்லப்போனா அதுவும் தவிடும் இரும்பு உடம்புல சேர்றதக் கொஞ்சம் தடுக்கும். நார்ச்சத்து, பி விற்றமின் எண்டு பாத்தா ஏடி 362 மாதிரி சிவப்பு நெல்ல அதிகம் தீட்டாமச் சாப்பிடுறது நல்லது, ஆனா ரத்தத்துக்கு இறைச்சி, மீன்தான் முதல். முருங்கை இல சுண்டினா தேசிக்காய் பிழிஞ்சு குடுங்க, புளிச்சத்து இரும்ப உள்ள இழுக்கும். சாப்பிட்ட கையோட பிளேன்டீ வேணாம், ஒரு மணித்தியாலம் போகட்டும். கிளினிக்கில தாற இரும்பு மாத்திரைய நிப்பாட்டவே வேணாம்.

கடைசி வாய்க்கால்காரர் ஒருத்தர்: தண்ணி வந்து சேருதில்ல. விட்டு விட்டுப் பாய்ச்சினா விளைச்சல் குறையுமா?

ஒழுங்காச் செஞ்சாக் குறையாது. பிலிப்பைன்ஸ்ல இரிக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பின முறை இது, ஓட்ட போட்ட பிவிசி குழாய ஒண்ட வயல்ல நட்டு உள்ள பாருங்க, தண்ணி மண் மட்டத்துக்கு 15 சென்ரிமீற்றர் கீழ இறங்கின பிறகு திரும்பப் பாய்ச்சினாப் போதும். பூக்குற நேரம் மட்டும் காய விடாதீங்க. வாவிக்கரை வயல் எண்டா இதச் செய்ய வேணாம், காயக் காய உப்பு மேல வரும், அங்க உப்புக்குத் தாங்குற ஏடி 354 விதைங்க.

அக்கரைப்பற்று காக்கா: அறக்கொட்டி, அந்த நெல்லுச் சாறு உறிஞ்சுற கபிலத் தத்துப்பூச்சி, வர முதலே மருந்தடிச்சா நல்லந்தானே?

இல்ல காக்கா. முந்தி அடிச்சா சிலந்திதான் முதல் சாகும், பிறகு அறக்கொட்டிய யார் தின்னுற? யூரியாவ அள்ளிக் கொட்டுற வயல்லதான் அது கூட. குனிஞ்சு அடித்தண்டப் பாருங்க, கடைக்காரன்ட சொல்லப் பாத்து அடிக்காதீங்க.

பன்றிநெல்லப் பத்தி, அதான் வயல்ல களையா முளைக்கிற நெல்லப் பத்தி, மூணு பேர் கேட்டிரிக்கீங்க, அது நீட்டுக் கதை, நாளைக்குச் சொல்றன். அதுக்குள்ள வெட்டு மெஷின் உங்கட வயலுக்குள்ள இறங்க முதல் கழுவச் சொல்லுங்க, அடுத்தவன்ட விதை அதுலதான் வாற.