போர் நினைவுத் தூணில் யார் பெயர் ஏறும் என்று முடிவு செய்தது யார்?

கேள்வி: முதல் உலகப்போரில் இறந்த சிப்பாய்களுக்காகப் பிரெஞ்சு ஊர்களில் வைத்திருக்கும் நினைவுத் தூண்களில் யார் யார் பெயரை வெட்டுவது என்று எப்படித் தீர்மானித்தார்கள்? சிலர் பெயர் இரண்டு ஊர்களில் இருக்கிறது. சிலர் பெயர் எங்குமே இல்லை. ஏன்?

பதில்:

நான் புதுச்சேரிக்காரன். பல வருடங்களாக, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் கிழக்குக் கரையில் குடியிருக்கிறேன். கோயில் சங்கத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருவதால், அவர்களுடைய பெற்றோர் தாத்தா, பூட்டன் காலத்துத் தாள்களையெல்லாம் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். அப்படிப் பழகிய விஷயம் இது.

சுருக்கமாகச் சொன்னால், முடிவு செய்தது ஊர் மேரி. (புதுச்சேரிக்கு வெளியே உள்ளவர்களுக்கு: மேரி என்றால் நகராட்சி அலுவலகம், மேர் என்றால் நகராட்சித் தலைவர்.) பாரிசிலிருந்து ஓர் அதிகாரப்பூர்வப் பட்டியல் வந்து இறங்கியது, அதைப் பார்த்துக் கல்தச்சர் வெட்டினார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடந்தது தலைகீழ். கல் முதலில் வந்தது, பட்டியல் பின்னால் வந்தது. நீங்கள் கேட்ட குழப்பத்தில் பாதிக்கு அதுதான் காரணம்.

1915 ஜூலை 2ஆம் தேதி பிரான்சில் ஒரு சட்டம் போட்டார்கள். எதிரியால் கொல்லப்பட்டவர், காயத்தால் இறந்தவர், போர்ப் பணியில் பிடித்த நோயால் இறந்தவர் ஆகியோரின் இறப்புச் சான்றில் 'பிரான்சுக்காக இறந்தவர்' என்று ஒரு குறிப்பு எழுதப்படும். கவனியுங்கள், இது காகிதத்தில் எழுதும் குறிப்பு. கல்லைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வார்த்தையும் கிடையாது. போர் முடிந்த பிறகு, 1919 அக்டோபர் 25ஆம் தேதிச் சட்டம் நினைவுச் சின்னம் எழுப்பும் ஊர்களுக்கு அரசு மானியம் தரும் என்றது. கூடவே, ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பொன்னேடு கொடுப்போம், அதில் அந்த ஊரில் 'பிறந்த அல்லது குடியிருந்த' மாண்டவர்கள் பெயர் இருக்கும் என்றும் வாக்குக் கொடுத்தது.

அந்த 'அல்லது'தான் இரட்டைப் பெயர்களுக்கு வேர். ஓர் ஊரில் பிறந்து, இன்னோர் ஊரில் வேலைக்குப் போய், அங்கிருந்தே படைக்குப் போனவனை இரண்டு ஊரும் தன் பிள்ளை என்று சொல்லலாம். இரண்டும் சொன்னால் இரண்டு கல்லில் பெயர். அவன் அந்த ஊர்ப் பிள்ளை என்று இரண்டும் ஒன்றையொன்று காட்டிவிட்டு விட்டுவிட்டால் ஒரு கல்லிலும் இல்லை.

பொன்னேட்டின் கதை இன்னும் வேடிக்கை. ஓய்வூதிய அமைச்சகம் பட்டியல்களைத் தயாரித்து, சரிபார்க்கச் சொல்லி மேர்களுக்கு அனுப்பியது 1929இல். அதற்குள் பெரும்பாலான ஊர்களில் தூண் எழும்பி, திறப்பு விழா முடிந்து, நவம்பர் 11க்கு நவம்பர் 11 மாலை போடும் வழக்கமும் வந்துவிட்டது. ஏட்டை அச்சடித்து முடிப்பதற்குள் இரண்டாம் உலகப்போர் வந்தது. அது ஏடாகவே ஆகவில்லை.

அப்படியானால் 1920களின் தொடக்கத்தில் மேரிக்குப் பெயர்கள் எங்கிருந்து கிடைத்தன? காகிதம் போன வழியைப் பார்த்தால் புரியும். சிப்பாய் இறந்ததும் படைப்பிரிவு இறப்பை எழுதும். அந்தப் பதிவு அவன் கடைசியாகக் குடியிருந்த ஊருக்கு வரும். அங்குள்ள பிறப்பு-இறப்புப் பதிவேட்டில் அதை ஏற்றுவார்கள். வீட்டுக்குச் செய்தி சொல்வது மேரின் பொறுப்பு. ஆக, மேரியில் ஏற்கெனவே ஒரு கட்டுத் தாள் இருந்தது. அதோடு குடும்பங்கள் வந்து சொன்ன பெயர்கள், பாதிரியாருக்குத் தெரிந்த பெயர்கள், முன்னாள் வீரர் சங்கம் நினைவுபடுத்திய பெயர்கள். நகர்மன்றம் உட்கார்ந்து ஒப்புக்கொண்டால் முடிந்தது வேலை. காணாமல் போனவர்கள் பாடுதான் திண்டாட்டம். உடல் கிடைக்காதவன் இறந்தான் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டும்; அந்தத் தீர்ப்பு போர் முடிந்து ஓரிரு வருடம் கழித்துக்கூட வரும். அகர வரிசையில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் பட்டியலின் அடியில், வரிசைக்குச் சேராமல் இரண்டு மூன்று பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவையெல்லாம் தாமதமாக வந்த தாள்கள் என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

வேண்டுமென்றே விடப்பட்டவர்களும் உண்டு. இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி சுட்டுக் கொல்லப்பட்ட சிப்பாய்களுக்கு 'பிரான்சுக்காக இறந்தவர்' என்ற குறிப்பு கிடைக்கவில்லை. ஆனாலும் சில ஊர்கள் 'எங்கள் பிள்ளைதானே' என்று பெயரை வெட்டின. கல் ஊருடையது என்பதால் அது முடிந்தது.

இனி ரீயூனியன். இங்கிருந்து ஏறக்குறைய 14,000 பேரைப் படைக்கு எடுத்தார்கள். அதில் நம் ஆட்கள் எப்படி வந்தார்கள் என்பதே ஒரு தனிக் கதை. 1860இல் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கூட்டிவரப்பட்டவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். ஒப்பந்தக் கூலிகளாக வந்த அவர்களைப் பிரெஞ்சு இராணுவம் தொட முடியாது. ஆனால் 1889ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ரீயூனியனுக்கும், கரீபியக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவுகளான குவாதலூப், மார்த்தினிக் இரண்டுக்கும் பொருந்தியது. இங்கே பிறந்து, வயது வரும்போது இங்கேயே குடியிருக்கும் அந்நியரின் பிள்ளை பிரெஞ்சுக்காரன். அப்பா கூலி, பிள்ளை சொல்தா (பிரெஞ்சுச் சிப்பாய்). ஒரே தலைமுறையில்.

(குவாதலூப்பில் இது இத்தனை எளிதாகப் போகவில்லை. அங்கே ஆன்ரி சிதம்பரம், இந்திய வம்சாவளியினரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 1904இல் தொடங்கிய போராட்டம் 1923 வரை இழுத்தது. ஓட்டுப் போட அந்நியன், சாக மட்டும் பிரெஞ்சுக்காரனா என்று கேட்கத் தோன்றும்.)

இப்போது அந்தக் காகிதப் பாதையை ஒரு கரும்புத் தோட்டக் குடும்பத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பிறந்தது ஒரு தோட்டம், வேலை இன்னொரு ஆலை, படைக்குக் கூப்பிடும்போது இருந்தது மூன்றாவது ஊர். பெயரை எழுதியவர் காதில் விழுந்ததை எழுதும் பிரெஞ்சு குமாஸ்தா. அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். சில சமயம் பிள்ளை பெயரே குடும்பப் பெயராகிவிடும். அண்ணனுக்கு ஓர் எழுத்து, தம்பிக்கு வேறெழுத்து. வீட்டிலோ பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர் இல்லை. மேரிப் படியேறி 'என் மகன் பெயர் விட்டுப்போயிற்று' என்று யார் சொல்வது? இத்தீவின் தலைநகர் சேன் தெனியில் பிறந்த விமானி ரோலான் காரோஸ் 1918 அக்டோபரில் போரில் இறந்தார். அவர் பெயரை எந்த மேரியும் மறந்திருக்க வாய்ப்பில்லை. இன்று விமான நிலையமே அவர் பெயரில்தான். தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை.

என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணின் வீட்டில் இதுதான் நடந்தது. பூட்டனாரின் தம்பி போரில் செத்தார் என்பது வாய்வழியாக வந்த செய்தி. சொந்த ஊர்த் தூணில் பெயர் இல்லை. தமிழன் என்று வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டார்கள் என்று அந்த வீட்டுப் பெரியவர் கோபமாகவே சொல்வார். இத்தனைக்கும் அதே தூணில் வேறு தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன. பிரெஞ்சு பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெமுவார் தெஸ் ஓம்' தளத்தில் முதல் போரில் இறந்த 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் அட்டைகள் இருக்கின்றன. அதில் தேடினோம். பெயரின் முதலெழுத்தே வேறாக இருந்தது. இறந்த விதம் என்ற இடத்தில் 'பணியில் பிடித்த நோய்'. அட்டையின் அடியில், இறப்பு எந்த ஊரில் பதிவேற்றப்பட்டது என்று ஒரு வரி இருக்கும்; யாரும் அதுவரை படிப்பதில்லை. அதில் இருந்தது பக்கத்து ஊரின் பெயர். போய்ப் பார்த்தால் அந்த ஊர்த் தூணில், அதே விசித்திர எழுத்தில், அவர் இருக்கிறார். ஆலை வேலைக்குப் போனவர் அங்கிருந்தே படைக்குப் போயிருக்கிறார். பெரியவர் கோபம் தீர்ந்ததா என்றால் இல்லை. எங்கள் ஊரிலும் இருக்க வேண்டும் என்கிறார். அதுவும் நியாயம்தான்.

ஆகவே பெயர் இல்லை என்றால் உடனே சூழ்ச்சி என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. ஏழைக்குக் காகிதம் சேரவில்லை, கேட்க ஆளில்லை. அந்த அநியாயம் சூழ்ச்சியை விடச் சின்னது என்றும் சொல்ல மாட்டேன். ஊருக்குத் திரும்பிய பிறகு இறந்தவர்களின் நிலை இன்னும் மோசம். 1919 மார்ச் கடைசியில் 'மதோனா' கப்பல், படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு வந்தது; ஸ்பானிஷ் காய்ச்சலும் அதே கப்பலில் தீவுக்குள் வந்தது. வீட்டுக்கு வந்து செத்தவனுக்கு அந்தக் குறிப்பு வேண்டுமென்றால், நோய் படையில் பிடித்தது என்று காட்ட வேண்டும்.

பிரிட்டிஷ் பக்கம் இந்த அளவுச் சட்டம்கூட இல்லை. இங்கிலாந்தில் ஊருக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு விதி. பத்திரிகையில் அறிவிப்பு, தேவாலயக் கதவில் பட்டியல், வீடு வீடாக விசாரிப்பு. பிறந்தவனா, குடியிருந்தவனா, வேலை பார்த்தவனா என்பதெல்லாம் அவரவர் முடிவு. பள்ளிக்கூடம், ரயில்வே, வங்கி என்று தனித்தனித் தூண் வைத்ததால் ஒரே ஆள் நான்கு இடத்தில் இருப்பான். மகன் என்றாவது திரும்பி வருவான் என்று நம்பி, பெயர் தர மறுத்த தாய்மார்களும் உண்டு. அதற்குள் இறந்தவர்தான் கணக்கில் சேர்வார் என்று 1921 ஆகஸ்ட் 31ஐ ஒரு கெடுத் தேதியாகச் சிலர் சொல்வார்கள். அது பிரிட்டிஷ் தரப்புப் போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் ஆணையத்தின் விதி. ஊர்க் கற்களைக் கட்டுப்படுத்தாது.

உங்கள் குடும்பத்தில் இப்படி ஒருவர் விடுபட்டிருந்தால் இப்போது வழி இருக்கிறது. 2012 பிப்ரவரி 28ஆம் தேதிச் சட்டப்படி, இறப்புச் சான்றில் 'பிரான்சுக்காக இறந்தவர்' என்ற குறிப்பு இருந்தால் பிறந்த ஊரிலோ கடைசியாகக் குடியிருந்த ஊரிலோ பெயரைப் பொறிப்பது கட்டாயம். குடும்பமே மேருக்கு மனுக் கொடுக்கலாம். குடும்பம் இல்லையென்றால் மக்கள் பிரதிநிதிகளோ முன்னாள் வீரர்களுக்கான தேசிய அலுவலகமோ சங்கங்களோ கேட்கலாம். மனுவுக்கு முன்னால் அட்டையைக் கண்டுபிடியுங்கள். பெயரை ஒரே மாதிரி தட்டித் தேடிவிட்டு இல்லை என்று மூடிவிடாதீர்கள். பிரெஞ்சு எழுத்தில் 'வீ' என்ற ஒலியை இரண்டு மூன்று விதமாக, 'சாமி'யை ஒற்றை எஸ், இரட்டை எஸ் இரண்டாலும், குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பிறந்த தேதி தெரிந்தால் அதை வைத்துத் தேடுவது இன்னும் சுலபம். குமாஸ்தா பெயரைத்தான் காதால் எழுதினார், தேதியை அல்ல.