மாநிலத்தின் பெயர் எப்போது தலைப்புக்கு வருகிறது?

மதிப்பிற்குரிய ஐயா,

கோவையில் இதழியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அரசியல் பேச்சு, ஊடகச் சார்பு, மக்கள்மீது குத்தப்படும் முத்திரைகள் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதவேண்டும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று கிளம்பிய புரளியை எடுத்துக்கொண்டேன். வட இந்திய ஊடகங்களுக்கு நம்மீதுள்ள காழ்ப்பே காரணம், தமிழ் ஊடகங்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல் என்று எழுதினேன். வழிகாட்டி ஆசிரியர் "இது மேடைப்பேச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சார்பு என்பது படித்தாலே தெரிகிறது. அதை எண்ணிக்கையில் எப்படிக் காட்டுவது?

ந.

அன்புள்ள ந.,

உங்கள் ஆசிரியர் கொஞ்சம் கடுமையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னது சரி. "வட இந்திய ஊடகம்" என்று ஒரே ஆளாக நிறுத்திவைத்துப் பேசுகிறீர்களே, முத்திரை குத்துவது என்பது அதுவும்தான்.

அந்தப் புரளியைப் பிரித்துப் பாருங்கள். பிப்ரவரி கடைசியில், இந்தி பேசியதற்காகப் பன்னிரண்டு பிகாரிகளைத் தூக்கிலிட்டார்கள் என்று உத்தரப் பிரதேச பா.ஜ.க.வைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் ட்விட்டரில் எழுதினார். பிறகு இந்தி நாளிதழ் செய்தி, யூடியூபர்களின் காணொளி, பிகார் சட்டமன்றத்தில் அமளி என்று அது வளர்ந்தது. சுற்றிவந்த இரண்டு காணொளிகளைத் தமிழக டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கினார்: திருப்பூர்க் காணொளியில் அடித்துக்கொண்டவர்கள் பிகார் தொழிலாளர்களின் இரு குழுவினர், கோவைக் காணொளியில் இருந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். மார்ச் 8 ஹோலி என்பதால் ஊருக்குப் போகும் ரயில்கள் நிரம்பி வழிந்தன. அந்தக் கூட்டமே தப்பியோடும் கூட்டமாகக் காட்டப்பட்டது. கட்டுப்போட்ட தொழிலாளர்கள் பேசும் ஒரு காணொளி பாட்னாவிலேயே வாடகை வீட்டில் எடுக்கப்பட்ட நாடகம் என்று சொன்னது பிகார் போலீஸின் பொருளாதாரக் குற்றப் பிரிவு. புரளியை உடைத்தவர்களில் தமிழ்நாட்டுக்கு வெளியே உள்ள செய்திச் சரிபார்ப்பாளர்களும் உண்டு. உங்கள் கட்டுரையில் இவர்களுக்கு இடமே இல்லை.

இன்னும் சிக்கலானது இதற்கு முந்தைய இரண்டு மாதங்கள். ஜனவரியில் திருப்பூரில் வடமாநிலத்தவர் தமிழர்களை விரட்டுவதாக ஒரு காணொளி தமிழ்ச் சமூக ஊடகங்களில் பறந்தது. புகைபிடித்ததில் தொடங்கிய தகராறு அது என்றது காவல்துறை. பிப்ரவரியில் ரயிலின் பொதுப்பெட்டியில் வடமாநிலப் பயணிகளை ஒருவர் வசைபாடி அடிக்கும் காணொளி வந்தது. அது பொய்யல்ல, அவர் கைதும் செய்யப்பட்டார். ஆக, அதே ஊர், அதே வகைக் காணொளி, தலைப்பை மட்டும் திருப்பிப் போட்டால் இரண்டு பக்கத்துக்கும் உதவும். புரளி வெறும் பொய்யில் முளைப்பதில்லை. ஒரு துளி நிஜம் கிடைத்தால்தான் அது ஓடும். அந்தத் துளியை மறைத்துவிட்டு எழுதினால் எதிர்த்தரப்பு அதையே எடுத்து உங்கள் கட்டுரை முழுவதையும் தள்ளிவிடும்.

மேடைப்பேச்சுக்கும் இதே கணக்குதான். 2022 மே மாதம் பாரதியார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் உயர்கல்வி அமைச்சர் பொன்முடி, இந்தி படித்தால் வேலை கிடைக்கும் என்கிறார்களே, கோவையில் பானிபூரி விற்பவர்கள் யார் என்ற பொருளில் பேசினார். அரங்கில் சிரிப்பு. 2024 மார்ச்சில் பெங்களூரு உணவகமான ராமேஸ்வரம் கஃபேயில் நடந்த குண்டுவெடிப்பை வைத்து மத்திய இணையமைச்சர் ஷோபா கரந்தலாஜே, தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் குண்டு வைக்கிறார்கள் என்றார். அப்போது நமக்குக் கொதித்தது. பிறகு என்.ஐ.ஏ. கைதுசெய்த முக்கிய இருவரும் கர்நாடகத்தின் தீர்த்தஹள்ளியைச் சேர்ந்தவர்கள். அமைச்சர் மன்னிப்பும் கேட்டார். ஒரு தொழிலும் ஒரு குற்றமும் சமமல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரோ சிலரை எடுத்து மாநிலம் முழுவதன் மேலும் ஒட்டும் வேலை இரண்டிலும் ஒன்றே.

இனி எண்ணும் வேலைக்கு வருவோம். "ஊடகச் சார்பு" என்பதை எண்ண முடியாது. எண்ண முடிந்த ஒரு கேள்வியாக அதைச் சுருக்குங்கள்: குற்றச் செய்தியில் பிடிபட்டவரின் சொந்த மாநிலம் எங்கே சொல்லப்படுகிறது? தலைப்பிலா, முதல் பத்தியிலா, உள்ளேயா, இல்லவே இல்லையா? முறையே 3, 2, 1, 0.

மாணவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான்: மின்னிதழில் "வடமாநில" என்று தேடி, வந்ததையெல்லாம் எண்ணுவார்கள். அந்தச் சொல் இருக்கும் செய்தியை மட்டும் எடுத்துவிட்டு அந்தச் சொல் அதிகம் வருகிறது என்று முடிவுகட்டினால் என்ன அர்த்தம்? முதலில் குற்றச் செய்திகள் அனைத்தையும் எடுக்கவேண்டும். அதற்குப் பிறகே வகைபிரிப்பு.

ஒப்பிட வேண்டியது யாரோடு என்பதில்தான் ஆய்வின் உயிரே இருக்கிறது. பிகார்க்காரரை உள்ளூர்க்காரரோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். கோவைப் பதிப்பில் மதுரைக்காரரும் வெளியூர்தான். "மதுரை வாலிபர் கைது" என்பதும் "வடமாநில வாலிபர் கைது" என்பதும் ஒரே விகிதத்தில் தலைப்புக்கு வந்தால் அது வெளியூர்ப் பெயரைப் போடும் பத்திரிகை வழக்கம். மதுரைக்காரருக்கு 1, பிகார்க்காரருக்கு 3 என்று தொடர்ந்து விழுந்தால் அங்கே சார்பு இருக்கிறது. ஆகவே மூன்று குழு வேண்டும்: அதே மாவட்டம், வேறு மாவட்டம், வேறு மாநிலம். பாதிக்கப்பட்டவரின் ஊருக்கும் இதே குறியீடு. வேறு மாநிலத்தவர் அடிபட்டால் தலைப்பில் அவர் வெறும் "தொழிலாளி" ஆகிறாரா என்று அப்போதுதான் பார்க்க முடியும்.

வெளிமாநிலத்தார் செய்தி ஒவ்வொன்றிலும் அந்தத் தகவல் தேவையா என்று குறிக்க உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் சேருங்கள். தலைமறைவானவரைத் தேடி போலீஸ் ஒடிசா போகிறது என்றால் தேவை. செல்போன் திருட்டுக்கு எதற்கு? சாதி அடையாளத்தைப் பொதுவாகத் தவிர்க்கச் சொல்கிறது பிரஸ் கவுன்சில் நெறிமுறை. அந்த அளவுகோலை மாநிலத்துக்கும் வைத்துப் பாருங்கள். யார் பேசுகிறார்கள் என்பதையும் குறியுங்கள்: போலீஸ், பாதிக்கப்பட்டவர், அக்கம்பக்கம், குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பு. நிருபர் கையில் இருப்பது பெரும்பாலும் காவல்நிலையத் தகவல், அதில் முகவரி தயாராக இருக்கும். மாநிலம் செய்திக்குள் நுழைவதற்குப் பாதிக் காரணம் இந்தச் சோம்பல். காழ்ப்பு என்று எழுதுவதற்கு முன் இதைக் கழித்துப் பாருங்கள்.

எத்தனை இதழ்? தொடர்ச்சியாக ஒரு மாதம் எடுத்தால் ஒரே பரபரப்புச் சம்பவம் முழுக் கணக்கையும் இழுத்துவிடும். ஆண்டின் 52 திங்கட்கிழமைகளிலிருந்து குலுக்கலில் இரண்டு, செவ்வாயில் இரண்டு என்று ஏழு கிழமைக்கும் எடுங்கள். பதினான்கு இதழ். ஒரு நாளிதழின் ஓராண்டுக்கு இப்படி அமைக்கும் இரண்டு வாரங்கள் போதும் என்பது இந்தத் துறையில் ஏற்கப்பட்ட முறை. இரண்டு நாளிதழ் என்றால் 28. இதழுக்குப் பத்துக் குற்றச் செய்தி கிடைத்தாலும் 280 ஆகிவிடும், ஒரு பருவத்துக்கு அது போதும். பதிப்பை மட்டும் நடுவில் மாற்றாதீர்கள். கோவைப் பதிப்பு என்றால் கடைசிவரை கோவைதான். இணையதளத் தலைப்புகள் மணிக்கு மணி மாறும், அச்சுப்பக்கத்தையே எடுங்கள்.

நீங்கள் மட்டும் குறியிட்டால் செல்லாது. உங்கள் கருதுகோள் தெரியாத ஒரு தோழியிடம் குலுக்கலில் எடுத்த ஐம்பது செய்திகளைக் கொடுத்து, அவரையும் தனியாகக் குறியிடச் சொல்லுங்கள். "91 சதவீதம் ஒத்துப்போனது" என்று பெருமையாக எழுதிவிடாதீர்கள். தேவையா என்ற கட்டத்தை எடுத்துக்கொள்வோம். இருவருமே பத்தில் ஒன்பது முறை "தேவையில்லை" என்று போடுகிறவர்கள் என்றால், செய்தியைப் படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் 82 சதவீதம் ஒத்துப்போகும் (0.9 × 0.9 + 0.1 × 0.1). அதைக் கழித்துக் கணக்கிடுவதுதான் கோஹென் கப்பா: (0.91 - 0.82) / (1 - 0.82) = 0.5. இது போதாது, 0.8 வேண்டும். குறைந்தால் தோழியைக் குறை சொல்லாமல் விதியைத் திருத்தி எழுதுங்கள். "வடமாநிலம்" என்று பொதுவாகப் போட்டதும் "ஜார்க்கண்ட்" என்று பெயர் சொன்னதும் ஒரே குறியா, வேறா? இந்த மாதிரி இடத்தில்தான் இருவரும் பிரிவார்கள்.

"உண்மையிலேயே அவர்கள்தான் அதிகம் குற்றம் செய்கிறார்கள்" என்று வாய்மொழித் தேர்வில் ஒருவர் நிச்சயம் கேட்பார். சிறைக் கைதிகளின் சொந்த மாநிலக் கணக்கு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் இருக்கிறது. அதை அப்படியே எடுத்து வீசுபவர்கள் இரண்டை மறக்கிறார்கள். ஜாமீனுக்கு உள்ளூர் ஆள் கையெழுத்து கிடைக்காத வெளிமாநிலத்தவர், அதே குற்றத்துக்கு உள்ளூர்க்காரரைவிட நீண்ட நாள் விசாரணைக் கைதியாகவே இருப்பார். சிறைக் கணக்கில் அவர் பங்கு வீங்கும். அடுத்தது வயது. வேலைக்கு வருபவர்களில் இளம் ஆண்கள் மிகுதி, எந்த ஊரிலும் கைதாகிறவர்களிலும் அவர்களே மிகுதி. உள்ளூரின் இளம் ஆண்களோடுதான் ஒப்பிடவேண்டும், பாட்டி தாத்தா சேர்ந்த மொத்த மக்கள்தொகையோடு அல்ல.

2023 புரளியை விட்டுவிட வேண்டாம், அதை முன்னுரையில் வையுங்கள். முதல் இருபது செய்திகளைக் குறித்து முடித்ததும் படிவத்தை எனக்கு அனுப்புங்கள். இருநூற்றெண்பதையும் முடித்துவிட்டு அனுப்பினால் ஒரு குறியை மாற்றவும் மறுபடி முதலிலிருந்து படிக்கவேண்டி வரும்.