காப்புரிமை: கட்டணம் ஐயாயிரத்து அறுநூறு, செலவு வேறு

கேள்வி: ஆத்தங்குடிக் கல் பட்டறை வைத்திருக்கிறேன். வார்த்த கற்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாகத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஏற்ற, ஓரம் உடையாதபடி ஒரு தாங்கி செய்திருக்கிறேன். இதற்குக் காப்புரிமை வாங்க எவ்வளவு ஆகும்? ஏஜென்ட் கட்டாயமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: அரசுக்குக் கட்டுவது குறைவுதான். சொந்தப் பெயரில், ஆன்லைனில் போட்டால் விண்ணப்பத்துக்கு ரூ.1,600, பரிசோதனை கேட்கும் படிவம் 18-க்கு ரூ.4,000. கண்டுபிடிப்பை விளக்கி எழுதும் விவரக்குறிப்பு 30 பக்கத்தைத் தாண்டினால் பக்கத்துக்கு ரூ.160, எது உங்களுக்கு மட்டுமே சொந்தம் என்று அதில் கேட்கும் உரிமைக்கோரல் பத்துக்கு மேல் போனால் ஒன்றுக்கு ரூ.320 கூடும். சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் தாளில் கொடுத்தால் ஏறக்குறைய பத்து சதவீதம் அதிகம்.

பட்டறை கூட்டு நிறுவனமாக இருந்து அதன் பெயரில் போட்டால் இதே கட்டணங்கள் ரூ.8,000, ரூ.20,000 என்று ஏறிவிடும். சிறுதொழில் பதிவான உதயம் சான்றிதழோடு, சிறு நிறுவனம் என்று தெரிவிக்கும் படிவம் 28-ஐ இணைத்தால் மேலே சொன்ன ரூ.1,600, ரூ.4,000 கட்டணமே போதும்.

ஏஜென்ட் கட்டாயமில்லை. ஆனால் எழுதும் வேலையில்தான் உண்மையான செலவு இருக்கிறது. அதில் சிக்கனம் பிடிக்காதீர்கள். விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும். “பன்னிரண்டு கல் வைக்கும் இரும்புச் சட்டம்” என்று உரிமைக்கோரலில் எழுதிவிட்டால், பக்கத்துப் பட்டறைக்காரர் அலுமினியத்தில் பத்துக் கல்லுக்குச் செய்து தப்பிவிடுவார். கல்லின் ஓரத்தில் பாரம் விழாமல் தடுப்பது எந்தப் பகுதி, அது எப்படி வேலை செய்கிறது என்பதே கோரலின் உயிர். தாங்கியின் ஒவ்வொரு பாகத்தையும் வரைந்து, எதை எடுத்துவிட்டால் ஓரம் உடைகிறது என்று முதலில் தமிழிலேயே குறித்துக்கொண்டு ஏஜென்டிடம் போங்கள். எழுதித் தாக்கல் செய்ய, பரிசோதனை அறிக்கைக்குப் பதில் எழுத, விசாரணைக்கு ஆஜராக என்று மூன்றுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள். மலிவாகச் சொல்லும் தொகை பெரும்பாலும் முதல் வேலைக்கு மட்டும்தான்.

தாக்கல் செய்யும் முன் வீடியோ எடுத்து வாட்ஸ்அப், யூடியூபில் போடாதீர்கள், பொருட்காட்சியிலும் வைக்காதீர்கள். புதுமை போய்விட்டது என்று மறுக்க அதுவே காரணமாகும். தாங்கியில் இன்னும் மாற்றம் செய்யும் எண்ணம் இருந்தால், அதே ரூ.1,600-க்குத் தற்காலிக விவரக்குறிப்பு போட்டுத் தாக்கல் தேதியைப் பிடித்துவிடலாம். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு வந்தாக வேண்டும், அதற்குத் தனி விண்ணப்பக் கட்டணம் கிடையாது. முதல் தாக்கலிலிருந்து 31 மாதத்துக்குள் படிவம் 18 போகாவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகக் கருதப்படும். கட்டிய பணமும் வீண். பரிசோதனை அறிக்கைக்குப் பதில் தர ஆறு மாதம்.

வண்ணச் சிமென்ட் கலக்கும் பரம்பரைப் பக்குவத்தை மட்டும் எழுதிப் பயனில்லை. மரபறிவுக்குக் காப்புரிமை கிடையாது. நீங்களே புதிதாக வரைந்த பூ வடிவம் இருந்தால் அது வடிவமைப்புப் பதிவில் சேரும். சொந்தப் பெயரில் கட்டணம் ரூ.1,000, முதலில் பத்தாண்டுப் பாதுகாப்பு.

காப்புரிமை கிடைத்த பின்னும் ஆண்டுக் கட்டணம் உண்டு. தாக்கல் தேதியிலிருந்து எண்ணி 3 முதல் 6-ஆம் ஆண்டு வரை ஆண்டுக்கு ரூ.800, 10 வரை ரூ.2,400, 15 வரை ரூ.4,800, 20 வரை ரூ.8,000. இருபதாண்டும் வைத்திருந்தால் மொத்தம் ரூ.76,800. காப்புரிமை தாமதமாகக் கிடைத்தால் அதுவரை சேர்ந்த ஆண்டுகளின் தொகையை, பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஒன்றாகக் கட்ட வேண்டும். அந்தத் தேதியை ஏஜென்ட் நினைவூட்டுவார் என்று இருந்துவிடாமல் நீங்களே நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.