வாசகர் கேள்வி – பதில்: ‘ஓஹியோ’ எண்ணெய்க் கப்பல் மூழ்காதது எப்படி?

இரண்டாம் உலகப்போரின்போது மால்டா தீவுக்கு எரிபொருள் கொண்டு சென்ற ‘ஓஹியோ’ என்ற வணிகக் கப்பலைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: ‘ஓஹியோ’வை அமெரிக்கக் கப்பல் என்றும் பிரிட்டிஷ் கப்பல் என்றும் இரண்டு விதமாகப் படித்திருக்கிறேன். எது சரி?

பதில்: இரண்டுமே சரி. டெக்சாகோ எண்ணெய் நிறுவனத்துக்காக அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள செஸ்டர் நகரில் கட்டப்பட்டு, 1940 ஏப்ரல் 20 அன்று நீரில் இறக்கப்பட்ட கப்பல் அது. 9,000 குதிரைத்திறன் கொண்ட நீராவி டர்பைனும், 16 நாட் (மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர்) வேகமும் அதன் சிறப்புகள். அத்தனை பெரிய, அத்தனை விரைவான எண்ணெய்க் கப்பல் அப்போது பிரிட்டனிடம் இல்லை. 1942 ஜூனில் ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்று முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்த கப்பலை, ஜூலையில் பிரிட்டிஷ் போர்க்காலப் போக்குவரத்து அமைச்சகம் ஏற்றுக்கொண்டது. அமெரிக்க மாலுமிகள் இறங்கினார்கள். டட்லி மேசன் என்ற கேப்டனின் தலைமையில் பிரிட்டிஷ் மாலுமிகள் ஏறினார்கள். பீரங்கிகளை இயக்க வந்த 24 பேரையும் சேர்த்துக் கப்பலில் இருந்தவர்கள் 77 பேர்.

கேள்வி: ஒரு சிறு தீவுக்கு எண்ணெய் கொண்டுபோக ஒரு பெரிய கடற்படையே உடன் சென்றதாக எழுதியிருந்தீர்கள். அவ்வளவு அவசியம் என்ன?

பதில்: சிசிலிக்குத் தெற்கே இருக்கும் மால்டா, வட ஆப்பிரிக்காவில் போரிட்ட ஜெர்மானிய, இத்தாலியப் படைகளுக்குப் பொருள்கள் செல்லும் கடல்வழியின் குறுக்கே அமைந்திருந்தது. அங்கிருந்து புறப்பட்ட விமானங்களும் நீர்மூழ்கிகளும் அந்த வழியை ஓயாமல் தாக்கின. தீவு விழுந்தால் அந்த வழி திறந்துவிடும். ஆனால் இராணுவக் கணக்கு பாதிதான். மறுபாதி அங்கு வாழ்ந்த மக்களுடைய அடுப்பு. மால்டாவில் விறகும் இல்லை, நிலக்கரியும் இல்லை. சமையலுக்கு மண்ணெண்ணெயையே நம்பியிருந்தார்கள். 1942 கோடையில் பல குடும்பங்களுக்கு அரசின் பொதுச் சமையற்கூடங்களில்தான் உணவு கிடைத்தது. அந்த ஆண்டு ஜூனில் அனுப்பப்பட்ட ‘கென்டக்கி’ என்ற எண்ணெய்க் கப்பல் வழியிலேயே அழிந்துபோனதால், ஆகஸ்டில் புறப்பட்ட 14 வணிகக் கப்பல்களுள் ஒரே எண்ணெய்க் கப்பலான ‘ஓஹியோ’வின் மேல் எல்லாருடைய எதிர்பார்ப்பும் குவிந்தது. அது ஏற்றிச் சென்றது சுமார் 11,500 டன் மண்ணெண்ணெயும் டீசல் எரிபொருளும்.

கேள்வி: டார்ப்பிடோவும் குண்டுகளும் தாக்கிய ஓர் எண்ணெய்க் கப்பல் வெடித்துச் சிதறாமல் கரை சேர்ந்தது அதிசயம் அல்லவா?

பதில்: பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். மால்டா மக்கள் அதைத் தெய்வச் செயலாகக் கருதுவதையும் நான் மதிக்கிறேன். கப்பல் துறைமுகத்துள் நுழைந்த ஆகஸ்ட் 15 அவர்களுடைய மாதா திருநாள். ஆனாலும் நடந்ததை வரிசையாகப் பார்த்தால், கப்பலைக் காப்பாற்றியவை இன்னின்ன என்று நம்மால் சுட்டிக்காட்ட முடியும். அப்படிச் சுட்டுவதே அதில் உழைத்தவர்களுக்கு நாம் செய்யும் நியாயம் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 12 மாலை, இத்தாலிய நீர்மூழ்கி ‘ஆக்ஸம்’ ஒரே வீச்சில் நான்கு டார்ப்பிடோக்களை ஏவி, இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களையும் ‘ஓஹியோ’வையும் தாக்கியது. எண்ணெய்க் கப்பலின் நடுப்பகுதியில் இருந்த பம்பு அறையில் சுமார் 24 அடிக்கு 27 அடி அளவில் ஓட்டை விழுந்தது, தீயும் பற்றியது. மாலுமிகள் தீயை அணைத்துவிட்டார்கள். பெட்ரோலாக இருந்தால் அதற்கு வாய்ப்பே இருந்திராது. மண்ணெண்ணெயின் ஆவி தீப்பிடிப்பதற்கு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். பெட்ரோலோ உறைபனிக் குளிரிலும் பற்றிக்கொள்ளும். மறுநாள் காலை, மேல்தளத்தில் பெட்ரோல் தகரங்களை அடுக்கியிருந்த ‘வைமராமா’ என்ற சரக்குக் கப்பல் குண்டுபட்டதும் வெடித்துச் சிதறி, சுற்றியிருந்த கடலே எரிந்தது. இரு கப்பல்களின் கதிக்கும் சரக்கின் தன்மை ஒரு முக்கியமான காரணம்.

அடுத்தது, எடை. கடல்நீரைவிட எண்ணெய் இலேசானது. ஒரு டன் மண்ணெண்ணெய் அடைத்துக்கொள்ளும் இடத்தில் ஏறத்தாழ ஒன்றேகால் டன் கடல்நீர் பிடிக்கும். எனவே உடையாமல் எஞ்சிய ஒவ்வொரு தொட்டியும், தனித்தனியே மூடப்பட்டு, கப்பலை மேலே தாங்கிப் பிடித்தது. அது மட்டுமல்ல, அருகில் விழுந்த ஒரு குண்டின் அதிர்ச்சியில் நீராவிக் குழாய் உடைந்ததால்தான் ‘கென்டக்கி’ நடுக்கடலில் நின்றுபோனது. அந்தப் பாடத்தை மனத்தில் கொண்டு, ‘ஓஹியோ’வின் இயந்திரத் தாங்கிகளுக்கு அடியில் ரப்பரும், நீராவிக் குழாய்களுக்குச் சுருள்வில்களும் மரக்கட்டைகளும் முட்டுக்கொடுக்கப்பட்டிருந்தன.

இனி, மனிதர்கள். டார்ப்பிடோ பட்டதில் திசைகாட்டியும் சுக்கான் கருவியும் பழுதாகிவிட்டன. பின்புறத்திலிருந்த அவசரச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, முன்னே ‘லெட்பரி’ என்ற நாசகாரிக் கப்பல் (விரைந்து செல்லும் சிறு போர்க்கப்பல்) காட்டிய சிறு விளக்கைப் பின்தொடர்ந்து இரவெல்லாம் ஓட்டினார்கள். பக்கத்தில் இருந்த ஓட்டையால் கப்பல் ஒரு பக்கமாகவே திரும்பிக்கொண்டிருந்தது. அதற்கு எதிராகச் சுக்கானைத் திருப்பிப் பிடித்தபடியே நேர்வழியில் செலுத்த வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 13 அன்று சுட்டு வீழ்த்தப்பட்ட யுங்கர்ஸ் 88 என்ற ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானம் ஒன்று முன்தளத்திலும், பிறகு ஒரு யுங்கர்ஸ் 87 பின்தளத்திலும் வந்து விழுந்தன. பின்புறத்திலிருந்து தொலைபேசியில் இந்த இரண்டாவது செய்தியைச் சொன்ன அதிகாரியிடம், முன்பக்கத்தில் ஒன்று அரைமணி நேரமாகக் கிடக்கிறது, இது ஒன்றும் பெரிதல்ல என்று மேசன் பதில் சொன்னாராம். பின்னர் கொதிகலன்கள் அணைந்து, கப்பல் அசையாமல் நின்றது. ‘பென்’ என்ற நாசகாரி வடம் கட்டி இழுத்தபோது, கப்பல் பக்கவாட்டில் திரும்பித் திரும்பி வடத்தை அறுத்துக்கொண்டது. முன்னால் இருந்து இழுப்பதால் பயனில்லை என்று கண்டு, கடைசியில் இருபுறமும் ஒரு நாசகாரியைச் சேர்த்துக் கட்டினார்கள். தோள் கொடுத்து நோயாளியை நடத்திச் செல்வதைப்போல, ‘பென்’னும் ‘பிராமம்’மும் மேல்தளம் வரை தண்ணீர் ஏறிய கப்பலை நகர்த்திக்கொண்டே சென்றன. இரண்டுமுறை கப்பலைக் கைவிட்டு இறங்கிய மாலுமிகள், இரண்டுமுறையும் திரும்பி ஏறினார்கள் என்பதை இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமானதாகத் தோன்றுவதால் தனியே சொல்கிறேன்.

கேள்வி: சரக்கு முழுவதும் இறக்கப்பட்டதா? கப்பல் இப்போது எங்கே இருக்கிறது?

பதில்: ஆகஸ்ட் 15 காலை மால்டாவின் கிராண்ட் ஹார்பர் துறைமுகத்தில் நிறுத்தியவுடன் குழாய்கள் பொருத்தப்பட்டன, தொட்டிகளில் எஞ்சியிருந்த பெரும்பகுதி எண்ணெயும் இறக்கப்பட்டது. எண்ணெய் இறங்க இறங்கக் கப்பல் துறைமுகத்தின் அடித்தரையில் உட்கார்ந்தது. மேலே சொன்ன எடைக் கணக்கு அங்கே கண்ணெதிரே மெய்ப்பட்டது. முதுகு முறிந்த அதைச் சீர்செய்ய இயலவில்லை. பின்பு இரண்டாக உடைந்த கப்பல் சிலகாலம் கிடங்காகவும், யூகோஸ்லாவியப் படைவீரர்களுக்குத் தங்குமிடமாகவும் பயன்பட்டது. 1946 செப்டம்பர் 19 அன்று இரு பாதிகளையும் கடலுக்குள் இழுத்துச் சென்று, பீரங்கியால் சுட்டு மூழ்கடித்தார்கள். கப்பலின் பெயர்ப்பலகை மால்டாவின் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

கேள்வி: கேப்டன் மேசனுக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டனின் உயரிய வீர விருது கிடைத்தது. மற்றவர்களை யாரும் நினைவுகூரவில்லையா?

பதில்: பலருக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. அவர்களுள் இருவரை மட்டும் சொல்கிறேன். ஃபிரெட்ரிக் லார்சன், பிரான்சிஸ் டேல்ஸ் ஆகிய இரு அமெரிக்கர்கள் ‘ஓஹியோ’வின் மாலுமிகளே அல்லர். அதே அணியில் வந்து மூழ்கிய ‘சாண்டா எலிசா’ கப்பலிலிருந்து மீட்கப்பட்டவர்கள் அவர்கள். பத்திரமாக ஒரு நாசகாரியில் இருந்துகொண்டே மால்டா போய்ச் சேர்ந்திருக்கலாம். எந்த உத்தரவும் அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. தாங்களாகவே ‘ஓஹியோ’வில் ஏறி, பழுதாகியிருந்த விமான எதிர்ப்புத் துப்பாக்கி ஒன்றைச் சரிசெய்து, தாக்க வந்த விமானங்களை நோக்கிச் சுட்டார்கள். அமெரிக்க அரசு இருவருக்கும் வணிகக் கப்பற்படையின் மிக உயர்ந்த பதக்கத்தை அளித்தது.