மூன்றாவது ஆள்

அன்புள்ள அக்கா,

பல்லடத்துக்குப் பக்கத்தில் விசைத்தறி ஷெட் வைத்திருக்கிறேன். கொஞ்சம் தோட்டமும் உண்டு. சென்ற ஆண்டு பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போனேன். கடைசி நாளில் சொல்லித் தந்த மைத்ரி தியானம் மனத்தில் ஒட்டிக்கொண்டது. அதனால் இந்த ஆண்டு அதற்கென்றே நடந்த ஒரு வார முகாமில் சேர்ந்தேன்.

முதலில் தனக்கு, பிறகு மதிப்புக்குரிய ஒருவருக்கு, அடுத்து வேண்டியவரும் வேண்டாதவரும் அல்லாத ஒருவருக்கு, கடைசியில் பகைவருக்கு என்று நல்லெண்ணம் செலுத்தச் சொன்னார்கள். பள்ளி ஆசிரியரை நினைத்தபோது கண்ணீரே வந்துவிட்டது. மூன்றாவதற்கு எங்கள் ஷெட்டில் தறி ஓட்டும் ஒடிசா பையனை எடுத்துக்கொண்டேன். நான்கு வருடமாக இருக்கிறான். அது சுலபமாக முடிந்துவிட்டது. நான்காவதில்தான் மாட்டிக்கொண்டேன். பெரியப்பா மகன், பங்குக் கிணற்றில் என் முறைக்கு மோட்டார் போட விடுவதில்லை. வண்டித்தடத்தையும் மறித்து வேலி போட்டுவிட்டார். வழக்கு நடக்கிறது. 'அவர் நலமாக இருக்கட்டும்' என்று சொல்லும்போதெல்லாம் நெஞ்சு இறுகியது.

வழக்கு நடத்திக்கொண்டே அன்பு செலுத்துவது பொய் இல்லையா? குலதெய்வம் கும்பிடுகிறவன் பௌத்தத் தியானம் செய்யலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். கொங்கு நாட்டில் பௌத்தம் இருந்ததா? மார்கழியில் மறுபடி முகாமுக்குப் போகலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஒடெயர்பாளையம் போய்விட்டு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. சத்தியமங்கலத்திலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, ஆசனூர் தாண்டிக் காட்டு வழியே கர்நாடகத்துக்குள் போனால் மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே அந்தத் திபெத்தியக் குடியிருப்பு வரும். 1970களில் அகதிகளுக்காக அமைத்த ஊர். அங்கே வயதான பிக்கு ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர்கள் மரபில் கருணையை வளர்க்கும் முன்பு மனத்தைச் சமன்படுத்தும் பயிற்சி ஒன்று உண்டு. எட்டாம் நூற்றாண்டின் இந்திய பௌத்த அறிஞர் கமலசீலரும், அவரைப் பின்பற்றி 1402இல் லம்ரிம் என்ற பயிற்சி நூலை எழுதிய திபெத்திய குரு சோங்கபாவும் அதற்கு ஒரு வரிசை வகுத்திருக்கிறார்கள். முதலில் நமக்கு உதவியும் செய்யாத, கெடுதலும் செய்யாத ஒருவர். நண்பர் அதற்கு அப்புறம். பகைவர் கடைசி. அந்த முதல் ஆளிடமே நிறையப் பேர் நின்றுபோகிறார்கள் என்றார் பிக்கு. மலையிறங்கும்போது அதுவே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்த சில நாளில், 'அது சுலபமாக முடிந்துவிட்டது' என்று உங்கள் கடிதம்.

மற்றவற்றை முடித்துவிடுகிறேன். குலதெய்வத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மைத்ரியைப் பற்றிப் புத்தர் சொன்ன பாலிப் பாடலான கரணீய மெத்த சுத்தம் பிறந்ததாக உரைகள் சொல்லும் கதையே மரத்தில் வாழும் தெய்வங்களைப் பற்றியதுதான். காட்டில் தங்கிய பிக்குகளை அவை மிரட்டின. புத்தர் மைத்ரியைக் கற்றுக்கொடுத்து அதே காட்டுக்கு அவர்களைத் திருப்பி அனுப்பினார். தெய்வங்களை விரட்டச் சொல்லவில்லை. நட்பாக்கிக்கொள்ளச் சொன்னார். உங்கள் கருப்பண்ணசாமி கோபித்துக்கொள்ள மாட்டார். கொங்கில் பௌத்தம் இருந்ததா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். சமணம் இருந்ததற்கு விசயமங்கலத்தில் கல் நிற்கிறது. அது இருந்ததால் நம் வரப்புச் சண்டைகள் குறைந்துவிடவில்லை.

வழக்கை நடத்துங்கள். கிணற்றுத் தண்ணீரும் வண்டித்தடமும் உங்கள் உரிமை. பங்காளி நலமாக இருக்கட்டும் என்று நினைப்பதற்கும் அவர் போட்ட வேலியை நீதிமன்றம் எடுக்கச் சொல்வதற்கும் முரண் கிடையாது. நெஞ்சு இறுகியதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள் தம்பி. சின்ன வயதில் ஒரே கிணற்றில் நீச்சல் பழகியிருப்பீர்கள். அந்த வலி சும்மா போகாது. ஐந்தாம் நூற்றாண்டில் விசுத்திமக்கம் என்ற பௌத்தத் தியான நூலை எழுதிய புத்தகோசர், பகைவரிடம் கோபம் அடங்காதவனுக்கு வழி மேல் வழியாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அவரிடம் இருக்கும் ஒரு நல்ல குணத்தை மட்டும் பார். அது முடியாவிட்டால், பழைய பிறவி ஒன்றில் அவர் உன் தாயாக இருந்திருப்பார் என்று எண்ணு. அதுவும் முடியாவிட்டால், அவருடைய எதன்மேல் கோபம், தலைமயிர் மேலா, பல் மேலா, எலும்பின் மேலா என்று பிரித்துப் பார். எதுவுமே நடக்கவில்லையென்றால் அவருக்கு ஒரு பொருளைக் கொடு. உங்கள் தோட்டத்தில் முருங்கை இருந்தால் ஒரு கட்டுக் காயைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். இதற்குமேல் பங்காளியைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

ஏனென்றால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் மனம் முழுக்க அவர்தான் இருக்கிறார். எந்த நேரத்துக்கு மோட்டார் போடுகிறார், எந்த வக்கீலைப் பார்க்கிறார், தோட்டத்துக்கு எந்த வழியாகப் போகிறார் என்றெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்தப் பையனைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? நான்கு வருடம். ஒரே கூரை. அவனைப் பற்றிக் கடிதத்தில் மூன்று சின்ன வாக்கியம், அதில் ஒன்று 'சுலபமாக முடிந்துவிட்டது'. அதே புத்தகோசர், நடுநிலையான ஆளை அன்புக்குரியவரின் இடத்தில் கொண்டுபோய் வைக்க முயன்றால் மனம் களைத்துவிடும் என்று எச்சரிக்கிறார். அதனால்தான் அவரை முதலில் எடுக்காதே என்கிறார். எனக்கு அந்த இடம் மிகவும் முக்கியமாகப் படுகிறது. களைப்பு வர வேண்டிய இடம் அது. உங்களுக்கு வரவில்லை. அப்படியென்றால் நீங்கள் அவனைத் தூக்கவே இல்லை தம்பி. 'தறி ஓட்டும் பையன்' என்ற மூன்று சொல்லுக்கு நல்லெண்ணம் அனுப்பிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டீர்கள்.

ஒவ்வொரு நல்ல குணத்துக்கும் அதன் சாயலிலேயே அருகில் நிற்கும் பகை ஒன்று உண்டு என்கிறது அந்த நூல். மைத்ரிக்கு அருகில் பற்று. கருணைக்கு அருகில் துக்கம். ஆசிரியரை நினைத்துக் கண்ணீர் வந்ததே, வரட்டும், ஆனால் அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். சமநிலைக்கு அருகில் நிற்கும் பகை, அறியாமையால் வரும் பாராமுகம். அந்தப் பையனிடம் உங்களுக்கு இருந்த அமைதி இந்தக் கடைசி வகை. இதைச் சொன்னால் கோபம் வரும் என்று தெரியும். வந்தாலும் பரவாயில்லை.

என் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வீடு காங்கேயத்துக்குத் தெற்கே. கிளுவை வேலி போட்ட கொறங்காடுகள் என்ற மேய்ச்சல் நிலங்கள் சூழ்ந்த ஊர். மயிலை, செவலை, காரி என்று ஒவ்வொரு மாட்டையும் நிறம் சொல்லித்தான் அழைப்பார்கள். மாடுகளைப் பார்த்துக்கொண்ட ஒருவர் காலையில் வருவார், இருட்டும் நேரத்தில் போவார். மயிலை தண்ணீர் குடித்ததா, காரியின் குளம்பு ஆறியதா என்று அமுச்சி தினமும் அவரிடம் கேட்பார். அவர் சாப்பிட்டாரா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு கோடையில் அவர் தொடர்ந்து சில நாள் வரவில்லை. வேறு ஆளை அனுப்பினார்கள். மாடுகள் அவரோடு போகவில்லை, சோளத்தட்டுக்கும் வாய் வைக்கவில்லை. கடைசியில் அமுச்சியே கிளம்பிப் பழைய ஆளின் குடியிருப்பான வளவுக்குப் போனார். அந்த வீட்டிலிருந்து யாரும் அதுவரை அங்கே போனதில்லை. நானும் பின்னால் ஓடினேன். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். இருமினால் ரத்தம். மாதக்கணக்காகவே அப்படித்தான் என்று அவர் மனைவி சொன்னார். நம் வாசலில் தினமும் நின்ற மனிதர்.

அமுச்சி அழவில்லை. தாத்தா அப்புச்சியிடம் வந்து, வண்டி பூட்டச் சொன்னார். பெருந்துறையில் அப்போது காசநோய்க்கென்றே சானடோரியம் இருந்தது. அங்கே சேர்த்தார்கள். மாதங்கள் கழித்து அவர் எழுந்து வந்தார். அதற்குப் பிறகு அமுச்சி முதலில் அவரைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் மாட்டைப் பற்றிக் கேட்பார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் அந்த மனிதருக்குச் செய்யும் துரோகம். அவருக்குச் சோறு கடைசிவரை வாசலுக்கு வெளியேதான். தண்ணீர் மேலிருந்து ஊற்றித்தான். அந்த வேலியை அமுச்சி தாண்டவில்லை. கொங்கில் நாம் வேலிக்குள்ளேயே நின்று நிறையக் கருணை காட்டியிருக்கிறோம்.

வேலி உடைவதற்குப் புத்தகோசர் ஒரு சோதனை வைத்திருக்கிறார். நீங்கள், உங்களுக்கு வேண்டியவர், இந்த மூன்றாவது ஆள், பகைவர், நான்கு பேரும் ஓரிடத்தில் இருக்கிறீர்கள். கொள்ளையர் வந்து, பலி கொடுக்க ஒருவரைத் தா என்கிறார்கள். 'இவரைக் கொண்டுபோ' என்று யாரை நினைத்தாலும், ஆளுக்கு ஆள் மனம் போடும் எல்லை உடையவில்லை. 'இவர்களை விடு, என்னைக் கொண்டுபோ' என்று நினைத்தாலும் உடையவில்லை. இந்த இரண்டாவதைத்தான் நாம் தியாகம் என்று கொண்டாடுவோம். அவர் அதையும் ஏற்கவில்லை, ஒருவருக்கு அங்கேயும் தீங்கு விரும்பப்படுகிறது என்பதால். நான்கு பேரில் கொடுக்கத்தக்க ஆள் ஒருவர்கூடத் தெரியாதபோதுதான் எல்லை உடைந்தது என்கிறார். உங்கள் மனத்தைத் தொட்டுச் சொல்லுங்கள், கொள்ளையர் உங்கள் ஷெட்டுக்கு வந்தால் யாரைக் காட்டுவீர்கள்? பங்காளியையா? பழி வரும் என்று தயங்குவீர்கள், ஊர் கேட்கும். கேட்க ஆளில்லாத ஒருவன் அங்கே இருக்கிறான்.

அவன் எங்கிருந்து வந்தவன் என்று யோசித்தீர்களா? புவனேசுவரத்துக்கு அருகில் தௌலியில் அசோகரின் கல்வெட்டு இருக்கிறது. கலிங்கப் போருக்காக அவர் வருந்தும் பதின்மூன்றாவது சாசனம், அந்தப் போரில் மாண்டவர்களின் மண்ணான அங்கே வெட்டப்படவில்லை. அதற்குப் பதிலாக வேறு சாசனங்கள். 'எல்லா மனிதரும் என் மக்கள்' என்ற சொல் அவற்றில்தான் வருகிறது. நீங்கள் அன்பைக் கற்க முகாம் தேடிப் போன மரபு அவன் ஊர்ப் பக்கத்துப் பாறையில் இருக்கிறது. அவன் உங்கள் ஷெட்டில் பஞ்சுத் தூசிக்கு நடுவே நூல் சுற்றிய தார் மாற்றிக்கொண்டு, இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்கிறான். தறிச் சத்தத்தில் அவன் காது எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்களா? லைன் வீட்டில் அவனோடு எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று போய்ப் பார்த்திருக்கிறீர்களா? 'கண்ணுக்குத் தெரிபவை, தெரியாதவை, தொலைவில் வாழ்பவை, அருகில் வாழ்பவை' என்று அந்த மெத்த சுத்தத்தில் வாய்விட்டுச் சொல்லியிருப்பீர்கள். அருகிலேயே வாழ்ந்தும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க முடியும் தம்பி.

மார்கழியில் முகாமுக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். கட்டாயம் போங்கள். விபாசனா முகாம்களில் சோற்றுக்கும் இடத்துக்கும் கட்டணம் வாங்குவதில்லை. முன்பு பயின்றவர்களின் தானத்தில் அது நடக்கிறது. பரிமாறுகிறவர்களும் கூலி வாங்காதவர்கள். அதை நன்றியோடு சொல்லுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் மௌனமாக உட்கார்ந்திருந்த நாட்களில் உங்கள் தறிகள் ஓடினவே, அவற்றை ஓட்டியது யார்? உங்கள் தியானத்துக்கு அவனும் தானம் கொடுத்திருக்கிறான், அவனைக் கேட்காமலேயே. இந்த முறை கேளுங்கள். கூடுதலாகப் பார்க்கும் வேலைக்குக் கூடுதல் கூலி கொடுங்கள். நீங்கள் திரும்பி வந்ததும் அதே அளவு நாள் அவனுக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்து ஊருக்கு அனுப்புங்கள். திருப்பூரில் நின்று ஒடிசா வழியாகப் போகும் தன்பாத் எக்ஸ்பிரஸில் போவான் என்றால் டிக்கெட்டை நீங்களே இப்போதே பதிவு செய்துவிடுங்கள். கடைசி நேரத்தில் படுக்கை கிடைக்காது, அவ்வளவு தூரமும் பொதுப் பெட்டியில் நின்றுகொண்டே போக வேண்டியிருக்கும். டிக்கெட் எடுக்கும்போது பெயரும் வயதும் கேட்பார்கள்.

அன்புடன்,
அக்கா