சனி ராத்திரி ஆசிரியர் ஒருத்தர் "நாளைக்கு வர முடியாது" என்றால் சபையின் ஞாயிறு வாலிபர் வகுப்புக்கு யாரை அனுப்புவது?

சகோதரி, வாட்ஸ்அப் குரூப்பில் "யாராவது வருவீங்களா?" என்று போடுவதை முதலில் நிறுத்துங்க. நாற்பது பேர் பார்ப்பாங்க, வேற யாராவது போவாங்கன்னு நாற்பது பேருமே சும்மா இருப்பாங்க. ஒவ்வொருத்தரா போன் பண்ணுங்க. ராத்திரி 9 மணிக்கு மேல் என்றால் ஆராதனை நேரம், வகுப்பு அறை, பிள்ளைகள் எண்ணிக்கை, பாடம் நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிடணும். பாதிப் பேர் மறுப்பது தயாரிப்புக்குப் பயந்துதான்.

உங்க ஆசிரியர்களில் மூன்று பேர் வேலூர் சிஎம்சி மருத்துவமனை நர்ஸ்கள் என்று எழுதியிருக்கீங்க. அப்போ இது திடீர்ப் பிரச்சினையே இல்லை. டூட்டி லிஸ்ட் வந்ததும் அவங்களுக்கு டூட்டி இருக்கிற ஞாயிறுகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு மாற்று ஆளை முன்கூட்டியே எழுதி வையுங்க. கூப்பிட்ட தேதியையும் குறிச்சுக்கோங்க. இல்லைன்னா சத்துவாச்சாரியில் பக்கத்திலேயே இருக்கிற அந்த ஒரு அக்காவையே மாசம் மூணு தடவை கூப்பிட்டு, கடைசியில் அவங்களும் போனை எடுக்க மாட்டாங்க.

வெஸ்ட்ரியில் (ஆலயத்தின் பக்க அறையில்) ஒரு துணிப்பை வையுங்க: வருகைப் பதிவேடு, 20 பேனா, வெள்ளைத்தாள், ஒரே நாளில் முடிகிற, தனித்து நிற்கும் இரண்டு வேதாகமப் பாடங்கள். மாற்கு 2:1-12 நல்லா வேலை செய்யும். பன்னிரண்டே வசனம், திமிர்வாதக்காரனைச் சுமந்த நால்வரைப் பிள்ளைகளே நடித்துக் காட்டலாம், 40 நிமிஷம் ஓடிடும். தொடர் பாடத்தை மாற்று ஆளிடம் தராதீங்க, அடுத்த வாரம் குழப்பம்தான்.

ஆளே கிடைக்கலையா? இரண்டு வகுப்பைச் சேர்த்துடுங்க. புது ஆளைத் தனியா மட்டும் விடாதீங்க, பெரியவங்க இரண்டு பேர் அறையில் இருக்கணும்.