கடையில் இளம் ஊழியர்கள் நிலைக்க: உரிமையாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் மாதச் சம்பளம் வாங்கியதும் நின்றுவிடுகிறார்கள். சம்பளத்தைக் கூட்டினால் சரியாகுமா?

கூட்டினாலும் முதல் வாரம் சரியில்லையென்றால் நிலைக்கமாட்டார்கள். சேர்ந்த அன்றே சேலைப் பிரிவில் நிறுத்திவிடுகிறோம். விலையும் தெரியாது, எந்த ரகம் எந்த அடுக்கில் என்பதும் தெரியாது. தடுமாறும்போது வாடிக்கையாளர் முன்னாலேயே சூப்பர்வைசரின் திட்டு விழுகிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அது தாங்காது.

முதல் மூன்று நாள் வியாபாரத்தில் விடாதீர்கள். முதல் நாள் மடிப்பும் அடுக்கும், இரண்டாம் நாள் துணிச் சீட்டில் உள்ள அளவு, ரகம், விலை படிப்பது, மூன்றாம் நாள் மூத்தவர் பக்கத்தில் நின்று பார்ப்பது. பிறகு இரண்டு வாரம் அதே மூத்தவரின் பொறுப்பில் இருக்கட்டும். அந்த மூத்தவரின் விற்பனை இலக்கை அதுவரை குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தன் கமிஷனைக் கெடுக்க வந்தவராகத்தான் புதியவரைப் பார்ப்பார், தொழில் சொல்லித்தரமாட்டார். திருத்த வேண்டியதைக் குடோனில் தனியாகச் சொல்லுங்கள்.

உட்கார நாற்காலி போட்டால் வேலையில் மெத்தனம் வராதா?

வராது. நாள் முழுக்க நின்றால் கால் வீங்கும், வருடக்கணக்கில் நின்றால் நரம்பு சுருட்டிக்கொள்ளும். தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் 2021-இல் சேர்த்த 22-ஏ பிரிவின்படி ஊழியர் எல்லோருக்கும் இருக்கை தருவது கட்டாயம். கவுண்டர் மூன்றடி உயரம் என்றால் இரண்டடி ஸ்டூல் பொருந்தும். உட்கார்ந்தபடியே துணி விரிக்கலாம். வாங்கிய ஸ்டூல்கள் குடோனுக்குப் போய்விடுவதுதான் பல கடைகளில் நடக்கிறது. கூட்டமில்லாத நேரத்தில் சூப்பர்வைசரே உட்கார்ந்து காட்டினால்தான் பிள்ளைகள் தைரியமாக உட்காருவார்கள்.

கல்லாவில் பணம் குறைந்தால் பில் போடும் பெண்ணின் சம்பளத்தில் பிடிக்கலாமா?

பிடிப்பதென்றால், அது அவர் பொறுப்பில் ஒப்படைத்த பணமாக இருக்க வேண்டும், அவர் கவனக்குறைவால் குறைந்திருக்க வேண்டும், அவர் விளக்கத்தையும் கேட்டிருக்க வேண்டும். ஒரே கல்லாவில், ஒரே பாஸ்வேர்டில் இரண்டு பேர் உட்கார்ந்தால் இதில் எதையும் நிரூபிக்க முடியாது. ஆளுக்கொரு பாஸ்வேர்ட் கொடுங்கள். ஷிப்ட் மாறும்போது இருவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடட்டும்.

அதற்கும் முன், அன்றைய யுபிஐ மொத்தத்தைப் பாருங்கள். கல்லாவில் 840 ரூபாய் குறைந்து, யுபிஐயில் அதே 840 கூடியிருந்தால், யாரும் எடுக்கவில்லை. ஜிபே பில்லை ரொக்கம் என்று போட்டிருக்கிறார்கள். இதைப் பார்க்காமல் பிடித்தம் செய்வது பெரிய அநியாயம்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் வேண்டாம் என்கிறார்கள் ஊழியர்கள். என்ன செய்வது?

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோரை விட்டுவிட முடியாது. சம்பளச் சீட்டை வைத்துக் கணக்குக் காட்டுங்கள்: 14,000 ரூபாய்க்கு அவர் பங்கு 0.75 சதவீதம், அதாவது 105 ரூபாய். உங்கள் பங்கு 3.25 சதவீதம், 455 ரூபாய். தன்னை நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் இதில் வைத்தியம் உண்டு என்று சொல்லிப் பாருங்கள். பலருக்கு அது தெரியாததால்தான் வேண்டாம் என்கிறார்கள்.